நான்காவது தீர்மானம்

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். கதவுக்கு உள்ளே பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"உள்ள எத்தனை பேரு?"

"நாப்பத்து மூணு பொம்பளைக, சார்," என்றேன். முதலாளி என்னை முறைத்தார். கேள்வி அவருக்கு.

அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்தி என் அக்கா ஏசுவடியாள். நான் ஆபீஸ் கிளார்க்.

சாவி முதலாளி சிதம்பரநாதனின் இடுப்பில் இருந்தது. அது ஒன்று மட்டுமா? பீரோ, குடோன், கக்கூஸ், முதலுதவிப் பெட்டி, எல்லாச் சாவியும் அங்கேதான். மனுசன் நடந்து வந்தால் வண்டி மாடு வருகிற சத்தம் கேட்கும்.

திறந்து விட்டால் பெண்கள் மடியில் பஞ்சைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பு. மத்தியானக் கஞ்சியும் உள்ளேயே.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்து ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் ஆரம்பித்துவிட்டன. ஒரு முகூர்த்த நாளில் பஞ்சில் தீப்பிடித்தது. சாவி அந்நேரம் குருவிகுளத்தில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி மூக்காண்டிதான் கடப்பாரையால் ஜன்னல் கம்பியை நெம்பி ஒவ்வொருத்தியாக இழுத்துப் போட்டார். உயிர்ச்சேதம் இல்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். அக்கா மூன்று நாள் கறுப்பாகக் காறித் துப்பினாள்.

முதலாளி வந்ததும் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "கம்பிய நெம்புனது எவம்லே?"

திருடுவதற்கு வழி பண்ண யாரோ வேண்டுமென்றே தீ வைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். ஜன்னலுக்குக் கூடுதலாக இரண்டு கம்பி போட்டார். பாவி மனுசன்!

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்து நிற்பது மொட்டைக் கடிதாசியால்தான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. மூக்காண்டியைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். சத்தியமாக அதை நான் எழுதவில்லை.

"பூட்டச் சொல்லி யார் உத்தரவு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போர்டு தீர்மானம் சார். எங்க கம்பெனில தீர்மானம் இல்லாம ஒரு ஆணி அடிக்க மாட்டோம். ஏம்மா தேவமணி, மினிட்ஸ் புக்கை எடு."

பீரோச் சாவியை அவரே கழற்றித் தந்தார்.

போர்டு என்றால் ஐந்து பேர். முதலாளி, அவருடைய மச்சினர்கள் இரண்டு பேர், சம்பந்தி, பனவடலிசத்திரத்துப் பருத்தி வியாபாரி ஒருவர். கூட்டம் என்றால் கேசரி, உளுந்தவடை, காப்பி. தின்று கை கழுவிய ஈரத்தோடு வெறும் பக்கத்தின் அடியில் ஐந்து பேரும் கையெழுத்துப் போடுவார்கள். மேலே என்ன வரும் என்று ஒருத்தரும் கேட்டது கிடையாது.

மறுநாள் முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, மேலே நான் எழுதி நிரப்புவேன். பதினோரு வருஷமாக இதுதான் நிர்வாகம்.

எழுதியதை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்வார். என் மேல் அவ்வளவு சந்தேகம்!

தீப்பிடித்த பிறகு நடந்த கூட்டத்துக்கும் அப்படித்தான். நான்காவது தீர்மானம்: பாதுகாப்பு கருதி வேலை நேரத்தில் கதவு பூட்டப்படும், சாவி மானேஜிங் டைரக்டர் வசம் இருக்கும். இரண்டு தடவை வாசித்தேன். "ரைட்டு" என்று புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"நான்காவது தீர்மானம். பாதுகாப்பு கருதி, வேலை நேரத்தில் எந்தக் கதவையும் பூட்டக் கூடாது. சாவி மேஸ்திரி வசம் இருக்கும். ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது."

முதலாளி எட்டிப் பார்த்தார். அடியில் முதல் கையெழுத்து அவருடையது.

"சார், இது நாங்க இப்படி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார்.

எழுதுவதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டோம் என்று சொன்னால், பதினோரு வருஷத் தீர்மானமும் குப்பை. அதெல்லாம் அவர் தலைக்குள் ஓடியது முகத்தில் தெரிந்தது.  எனக்கு வேலை போனால் அக்காவுக்கும் சேர்த்தே போகும்.

"போர்டே சொன்ன பிறகு எதுக்கய்யா பூட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சாவியைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. மூக்காண்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடிப் போய்த் திறந்தார். பஞ்சுத் தூசிக்கு நடுவில் அக்கா நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜீப் போனதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன்.

திட்டவில்லை. என்னை வெளியே அனுப்பினால் நான் எங்கே போய் எதைச் சொல்வேனோ என்று பயந்திருப்பார். மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து, வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி," குரல் இறங்கிப் போயிருந்தது, "இன்னும் எதையெல்லாம் இப்படி எழுதி வச்சிருக்கே?"

"எல்லாம் நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி. ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேனே."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் மாற்றி எழுதியது அந்த ஒன்றைத்தான். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.