சுண்டுவிரல் கதைக்கு ஒரு திருத்தம்

மூன்று வருடங்களாகத் திலகா இணையத்தில் எழுதும் கதைகளை முதலில் வாசிப்பவள் ஜெசிந்தாதான். அவளும் எழுதுகிறவள். நேரில் பார்த்ததில்லை. கதையில் வரும் பஸ் அந்தப் பாலத்தில் நிற்காது, அந்த மீன் ஆற்றில் கிடைக்காது என்று, போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்போலத் திருத்தம் அனுப்புவாள். இன்று முதல்முறையாக அவள் வீட்டுக்குத் திலகா வந்திருந்தாள். கதவைத் திறந்த ஜெசிந்தாவின் இடது கையில் கட்டு. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

"ஐயோ, கையில என்னம்மா ஆச்சு?"

"உங்க போன மாசக் கதைதான்க்கா." ஜெசிந்தா வெட்கத்தோடு சிரித்தாள். "அருவாமனையில விரல் துண்டானப்போ அவளுக்கு வலிக்கவே இல்லன்னு எழுதியிருந்தீங்க. வலிக்குதுக்கா. அந்த வரிய மாத்திடுங்க."

திலகா நேற்றுத்தான் அடுத்த கதையை அனுப்பியிருந்தாள். அதில் தோழி பிடித்துத் தள்ள, மாடியிலிருந்து விழுகிறவள் 'அம்மா' என்று அலறுவாள். கீழே போய்ச் சேருவதற்குள் அலற நேரம் இருக்குமா என்று மட்டும் ஜெசிந்தா கேட்டிருந்தாள்.

ஜெசிந்தா கதவைத் தாழிட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையால் திலகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உள்ள ஒரே புழுக்கமா இருக்குக்கா. வாங்க, மொட்டைமாடிக்குப் போலாம்."