ராசாத்தாளின் ஆட்சேபணை

துடியலூரில் வீடுகளுக்கு நடுவே பிரியாணிக் கடை வைத்திருக்கும் அப்துல் நாசர், நள்ளிரவு தாண்டியும் வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்ப அனுமதி கேட்டிருந்தார். ஒரு மாதம் நடத்திப் பார்க்கச் சொன்ன தெருச் சங்கம், அன்று சாயங்காலம் முடிவெடுக்கக் கூடியிருந்தது. கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்குதுங்களா?" என்றார் தலைவர் கந்தப்பன்.

கடைக்கு அடுத்த வீட்டு ராசாத்தாள் எழுந்தார். "எனக்கு இருக்குதுங்க. இவிய வண்டியால ஒரு மாசமா பொட்டுத் தூக்கமில்லீங்க."

நாசர் அவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, உங்க தூக்கம் கெடக்கூடாதுன்னுதானுங்க தெருமுனையிலயே இன்ஜினை நிறுத்தி, வண்டியத் தள்ளிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"அதையேதான் பாய் நானுஞ் சொல்றேன். இருட்டுல ஊட்டுப் பக்கம் யாரோ பம்மிப் பம்மி நடந்தா, திருடன்னுதானே நினைப்பேன்? எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா, உங்க ஆளு பொட்டலத்தோட நிக்கறான். நாளைக்கு நெசத் திருடன் வந்தாலும் பிரியாணின்னு உட்டுப்போடுவேன்."

கூட்டம் சிரித்தது.

"அப்ப அனுமதி வேண்டாங்கறீங்களா?" என்றார் கந்தப்பன்.

"அதெப்படிங்க வேண்டாம்பேன்? நல்லா நடத்தட்டும். வண்டியை ஓட்டிக்கிட்டே வரச் சொல்லுங்க. சத்தங் கேட்டா நான் பாட்டுக்குத் தூங்கிப்போடுவேன்."

நாசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முதலில் கைதட்டியவன், சாப்பாடு கொண்டுபோகும் இல்யாஸ். ஒரு மாதமாக அந்த மேட்டுத் தெருவில் வண்டியைத் தள்ளித் தள்ளி அவன் கெண்டைக்கால் வீங்கியிருந்தது.