தேயிலை வைத்த பக்கம்

பதுளையில் சம்பள ஞாயிறு. மழை விட்ட வெயில் ஷுக்ரி நானாவின் புத்தகக்கடைக்குள் சாய்ந்து விழுகிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அங்கம்மா, கறை ஏறிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே மூலை அலுமாரிக்குப் போகிறாள். மாதாமாதம் வந்து நின்றபடியே அவள் படித்துவரும் தடித்த நாவல் அங்கே இல்லை. அது இருந்த இடம் பல் விழுந்ததுபோல் இருக்கிறது. "வித்துப் போச்சா நானா?" ஷுக்ரி விற்பனைக்குச் சாத்தியிருக்கும் கேரம் பலகைகளை ஒவ்வொன்றாய் நகர்த்துகிறார். கடைசிப் பலகைக்குப் பின்னாலிருந்து நாவல் வெளியே வருகிறது. "நேத்து ஒரு டீச்சர் கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்." அவள் அடையாளத்துக்கு வைத்த தேயிலை, காய்ந்து, அதே பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சில பக்கங்கள் முன்னால் ஒரு பஸ் டிக்கட்டும் செருகியிருக்கிறது. அது அவளுடையதல்ல. அவள் நிமிர்ந்து பார்க்க, ஷுக்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குகிறார். "கதையில அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பினாளா இல்லையான்னு சொல்லிடாதீங்க தங்கச்சி. நான் இன்னும் அங்க வரல்ல." அங்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "வெரசா படிங்க நானா. இதப் பத்திப் பேச எங்க லயத்து வீடுகள்ல எனக்கு ஆளே இல்ல."