போராட்டப் பந்தல்

"இந்த நேரத்துல பந்தல் காலியா இருக்கும்னியே?" என்று உதவியாளரைக் கடிந்துகொண்டார் அதிகாரி.

ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பந்தலைப் பிரித்துவிட்டால், குடிநீர்ப் போராட்டம் ஓய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. இங்கே பாய் கொள்ளாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்திருங்கம்மா. அடுத்த மாசம் உங்க தெருவுக்குக் குழாய் வந்துடும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்களாமே?"

"இந்தத் தடவை நம்புங்க. உங்க வீட்ல தண்ணி வரலைன்னா என்னைக் கேளுங்க."

முன்னால் இருந்த தையற்காரி சிரித்தாள்.

"எங்க வீட்ல தண்ணி கொட்டுது சார். நாங்க பக்கத்துத் தெரு."

"அப்ப இந்தத் தெருக்காரங்க?"

"கும்பிடப் போயிருக்காங்க. அவங்க திரும்பினதும் நாங்க எங்க கோயிலுக்குப் போவோம். சாமியும் வேற, கும்பிடற நேரமும் வேற. ரொம்ப வசதியாப் போச்சு சார்."