நாற்காலியில் ஒரு கோட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவள் கருவாட்டுக்காரி தாயம்மாதான். முப்பத்திரண்டாம் வருஷம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் கோயில் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

அவளுடைய பதினெட்டு மூட்டைக் கருவாடு கொழும்புக்குப் போகவேண்டும். கப்பல் மூன்று மணிக்கு. துறைமுக ஆபீசில் சீட்டுக்கு முத்திரை விழாமல் ஒரு மூட்டைகூட ஏறாது.

ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் குமாஸ்தா சவரிநாதன். மற்றதன் முதுகில் ஒரு கோட்டு மட்டும்.

"இன்னா நைனா, காலைல புடிச்சு நிக்கிறேன். அந்த ஆளு எங்க?"

"இப்பதான் எழுந்து போனார். வந்துடுவார்."

"ஒரு மாசமா இதையேதான் சொல்ற! கோட்டு வேலைக்கு வருது, ஆளக் காணோம்!"

வரிசையே சிரித்தது. சவரிநாதன் சிரிக்கவில்லை. பட்டியலைச் சரிபார்த்தார், எழுந்து அடுத்த மேசைக்குப் போய் முத்திரை குத்தினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் இப்படியே.

"அவன் ஊரச் சுத்தறான், அவன் வேலையும் நீ பாக்குற. நல்லா கீதுய்யா உங்க ஆபீசு!"

மூன்று மணிக்குக் கப்பல் ஊதியது. தாயம்மாவுக்கு முன்னால் இன்னும் நாலு பேர்.

"பூட்ச்சு! அடுத்த கப்பலுக்கு எட்டு நாளு. புழு வெச்சா நீயா துன்னுவே? தொரை எறங்கி வரட்டும், சொல்றேன் பாரு!"

சவரிநாதன் ஜன்னல் கம்பியோரம் குனிந்தார்.

"கத்தாதம்மா. அருள்நாதன் விஷக் காய்ச்சல்ல கெடக்கார். செலவு ஜாஸ்தின்னு சர்க்கார் ஏற்கெனவே மூணு பேரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. நாற்காலி காலின்னு தெரிஞ்சா இவரும் போயிடுவார். நாலு குழந்தைங்க. அவர் சம்சாரம்தான் தினம் கோட்டைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க."

"அதுக்கு எம்பொழப்புதான் கெடச்சுதா?" தாயம்மாவின் குரல் இறங்கவில்லை.

சத்தம் கேட்டுத் துரையே மாடியிலிருந்து வந்துவிட்டார். நாற்காலியைக் கைத்தடியால் தட்டினார்.

"இந்த ஆள் எங்கே?"

சவரிநாதன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அவரா தொரை?" தாயம்மா முந்திக்கொண்டாள். "எம்மூட்டைல எடை தப்பா கீதுன்னு ஷெட்டாண்ட பாக்கப் போயிருக்காரு. தப்பு என்னுதுதான். அந்த ரோசத்துலதான் கத்திகினு கீறேன்."

துரை அவள் சீட்டைப் பிடுங்கி, மறு எடை போடும்வரை ஏற்றக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

எடை போட ஆளில்லாமல் அடுத்த கப்பலும் போயிற்று. அருள்நாதன் மட்டும் பிழைத்து எழுந்து, வேலைக்கு வந்துவிட்டார்.

இன்றைக்கு ராத்திரி செபம் சொல்லும்போது, தாயம்மா பேரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லுங்கள்.