வாசலில் இரண்டு ஜோடி

“எங்க அவருக்கு சீலிங்ல ஓட்டை போடறது பிடிக்காது” என்றாள் ஹருயே. கூட்டம் தொடங்கியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹொனலுலுவின் அந்தப் பழைய அடுக்குமாடியில் எல்லா வீட்டு சீலிங்கிலும் தண்ணீர்க் குழாய் பதிக்கலாமா என்று வாக்கெடுக்கத்தான் கூட்டம். நெருப்புப் பிடித்தால் அதிலிருந்து தண்ணீர் தானாகவே கொட்டும். பதிக்கிறவர்களுக்கு நகராட்சி வீட்டுவரியில் சலுகை தருகிறது, இந்த வருடம் முடிவெடுத்தால் மட்டும்.

ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. ஹருயே ஒருத்தி கை தூக்கினால் போதும்.

“நான் வேணா மேல வந்து அங்கிள்கிட்ட பேசட்டுமா ஆன்ட்டி?” சங்கத் தலைவர் ரோடல் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். போன வருடம்தான் குடிவந்தவர்.

“அவர் இப்பல்லாம் யாரையும் பாக்கறதில்ல.”

தீயணைப்புப் படையிலிருந்து வந்திருந்த கவிகா, கையிலிருந்த முசுபிச் சோற்றுருண்டையை ஒரே வாயில் அடைத்துக்கொண்டு எழுந்தார். ஆள் கதவளவு இருந்தார்.

“வரி கணக்கையெல்லாம் இவர் சொல்லிட்டார். நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். புகைக்குள்ள நாங்க யாரையும் கேக்க முடியாது. வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு கெடக்கோ, அத்தனை பேரைத் தேடுவோம். ரெண்டு ஜோடி இருந்து ஒருத்தர்தான் கெடைச்சாருன்னா, திரும்ப உள்ள போவோம். எங்க பசங்க வெளிய வராமப் போறது அப்பதான்.”

ஹருயே பாதி கடித்த முசுபியைத் தட்டிலேயே வைத்தாள்.

டீ குடிக்கக் கலைந்தபோது அவள் யாருக்கும் சொல்லாமல் லிஃப்ட் ஏறினாள்.

வாசலில் இரண்டு ஜோடி. பெரிய ஜோடியை அன்று காலையும் துடைத்து வைத்திருந்தாள்.

அதைக் கையில் எடுத்தாள். உள்ளே கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்தாள். வெளியே வந்து பார்த்தாள்.

தேய்ந்துபோன சின்ன செருப்பு மட்டும் கிடந்தது. போகிற வருகிற யாரும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார்கள்.

அவளால் முடியவில்லை. மறுபடி எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தாள், அவர் வைக்கிற மாதிரி, முனை வெளிப்பக்கம் பார்க்க.

கீழே வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது அவள் கைதான். தண்ணீர் தானே கொட்டிவிட்டால் யாரும் புகைக்குள் நுழைந்து தேட வேண்டியதில்லை. செருப்பு அங்கேயே கிடக்கலாம்.

“பரவால்லயே! அங்கிள் ஒத்துக்கிட்டாரா?” ரோடல் கைதட்டினார். பாவம், அங்கிளை அவர் கண்டதெல்லாம் அந்தச் செருப்புதான்.

“ஒத்துக்கிட்டார்” என்றாள் ஹருயே.

சில வருடங்களுக்கு முன், வேறொரு தீவிலிருக்கும் ஹீலோவில் நாத்தனார் வீட்டுக்குப் போன இடத்தில், எரித்து முடித்த அவருடைய எலும்புகளைத் தன் கையாலேயே பொறுக்கிச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.