வரிசையில் அடுத்தவர்

மணமேடையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த ஹஸ்வானியின் காதருகே தோழி மர்லியா குனிந்தாள். விசிறிக்கொண்டிருந்த விசிறியை அப்படியே மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், உன் புக்கு வந்திருச்சுடி!"

ஹஸ்வானி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

நாலு மாதமாகக் காத்திருந்த புத்தகம். பொது நூலக அட்டை இருந்தால் போதும், ஃபோனிலேயே இலவசமாகப் படிக்கலாம். காசு கிடையாது, ஆனால் வரிசை உண்டு. துப்பறியும் தொடரின் கடைசிப் பாகம் வேறு. கொலை செய்தது யார் என்று தெரியாமலே கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டாள்.

"நேத்தே செய்தி வந்திருக்கு. நீ எங்க பார்த்தே? ஒன்றரைக்குள்ள எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

அதற்குப் பத்து நிமிடம்கூட இல்லை.

அடுக்குமாடியின் கீழ்த்தளம் முழுக்கக் கூட்டம். ஒரு பக்கம் கொம்பாங் மேளம், இன்னொரு பக்கம் நெய்ச்சோறும் ரெண்டாங் இறைச்சிக் கறியும். மலாய்க் கல்யாண வழக்கப்படி இன்றைக்கு அவள் ஒருநாள் ராணி. ராணி என்றால் தலையைத் தாழ்த்தி, கையை மடியில் வைத்து, பல் தெரியாமல் உட்கார வேண்டும். ராணிக்கு ஃபோன் கிடையாது; அது காலையிலிருந்தே மர்லியாவிடம் இருந்தது.

பக்கத்தில் ஒருநாள் ராஜா, சுல்ஹில்மி. பெரியவர்கள் பார்த்துச் சேர்த்த இடம். பேசிய இரண்டு மூன்று தடவையும் வேலை, வீட்டுக் கடன், உடல்நலம். மனுஷன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. "கொலைக் கதை படிக்கிறதையெல்லாம் எடுத்த உடனே சொல்லி வைக்காதே, ஒழுங்கான பையன்" என்று அம்மா வேறு எச்சரித்திருந்தாள்.

இப்போதும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருந்தான். இவனோடு ஆயுசு முழுக்க உடல்நலம் பேசியே காலம் தள்ள வேண்டுமோ என்ற பயம் ஒரு வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மர்லியா விசிறிக்கு அடியில் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். திறக்கவில்லை. விடியற்காலையிலிருந்து அப்பியிருந்த பூச்சுக்குப் பின்னால் ஹஸ்வானி இருக்கிறாள் என்பதை அது நம்பவே இல்லை.

விரலை வைத்துப் பார்த்தார்கள். நுனியெல்லாம் மருதாணி. அதையும் நம்பவில்லை.

"நாசமாப் போச்சு. பூட்டு நம்பரைச் சொல்லு."

உதடு அசையாமல் சொன்னாள். ஃபோன் திறந்தது. நூலகச் செயலியோ, அம்மா தாயே நீ யார் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. அட்டை எண் வேண்டுமாம்.

அது மனப்பாடம்தான், ஆனால் நீளம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக முணுமுணுத்தாள். மர்லியா தட்டினாள்.

பன்னீர் தெளிக்க மேடையேறிய பெரியம்மா ரோகாயா அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"பாருங்க பிள்ளைய! மேடையில உட்கார்ந்தும் துஆ ஓதிக்கிட்டிருக்கா. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு ஓதுது?"

கீழே நாலைந்து பெண்கள் "ஆமீன்" என்றார்கள். ஹஸ்வானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்குவதற்காக உதட்டைக் கடித்தாள். அதுவும் பக்தியாகவே தெரிந்தது.

"பாஸ்வேர்டு?" என்றாள் மர்லியா.

"கொன்னது யாரு. சேர்த்து அடி."

சுல்ஹில்மியின் இமை ஒரு தடவை துடித்தது. கேட்டுவிட்டான் போல. சரி, மானம் கப்பலேறியாச்சு. அதற்காக இப்போது அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

"ஐயோ, எடுக்க விடமாட்டேங்குதுடி. உன் கணக்கு நிறைஞ்சு கிடக்காம். ஒன்னைத் திருப்பிக் கொடுத்தாத்தான் இன்னொன்னாம். எதைக் கொடுக்க?"

"படிக்காம கிடக்கிறது ஒன்னு இருக்குல்ல, அதை."

மர்லியா திரையைப் பார்த்தாள். விசிறி நின்றுவிட்டது. தோள் குலுங்கியது.

"இதையா? இன்னிக்கா?"

"அதைத்தாண்டி, சீக்கிரம்!"

தட்டினாள். மறுபடி தட்டினாள். "கிடைச்சிருச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொம்பாங்காரர் ஒருவருக்குத் தாளம் தப்பியது.

ஹஸ்வானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராணித் தோரணையெல்லாம் பறந்துபோய், பல் அத்தனையும் தெரிந்தது. புகைப்படக்காரர் விழுந்தடித்து ஓடிவந்து எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் 'டிங்' என்றது.

ஒருநாள் ராஜா மெதுவாக இடுப்புச் சரிகைத் துணிக்குள் கைவிட்டு ஃபோனை எடுத்தான். மடியில் வைத்துப் பார்த்தான். வாயோரம் இழுத்துக்கொண்டது. பிறகு பார்வையைத் திருப்பாமலே ஃபோனை மட்டும் அவள் பக்கம் சாய்த்துக் காட்டினான்.

பொது நூலகத்திலிருந்து அவனுக்கு வந்த செய்தி. 'நீங்கள் காத்திருந்த நூல் இப்போதுதான் திருப்பித் தரப்பட்டது. கணவன் மனைவி: விட்டுக்கொடுத்து வாழ்வது எப்படி?'

அத்தனை பூச்சையும் மீறி ஹஸ்வானியின் முகம் சிவந்தது.

"முழுசும் படிச்சிட்டீங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"இல்லங்க. முன்னுரையிலேயே தூங்கிட்டேன்."

அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு நிற்கவே இல்லை. மேடையே ஆடுகிற அளவுக்குச் சத்தமில்லாமல் சிரித்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் சாய்ந்தான்.

"சரி, விட்டுக்கொடுக்கிறதை நான் பார்த்துக்கிறேன். நீங்க கொலையைப் பார்த்துக்கங்க."